கிரிப்டோவில் லெவரேஜ் எடுக்கும் முன்: கடலூர், புதுச்சேரி புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

விலை ஏறும் என்று கணித்தீர்கள். சொன்ன மாதிரியே ஏறியும் விட்டது. ஆனால் உங்கள் பணம் அதற்கு முந்தைய ராத்திரியே போய்விட்டது. லெவரேஜில், அதாவது கையில் உள்ள பணத்தைவிடப் பல மடங்கு தொகைக்கு வர்த்தகம் செய்வதில், இது தினமும் நடக்கிறது. திசை தெரிந்தால் போதும் என்று நம்பி வருகிறவர்கள்தான் முதலில் அடிபடுகிறார்கள். எந்தப் பக்கம் போகும் என்பதோடு, எந்த வழியில் வளைந்து போகும், அதுவரை உங்கள் மார்ஜின், அதாவது ஈடாக வைத்த பணம், தாங்குமா என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது.

இதில் இறங்காமல் இருப்பதே நல்லது. இறங்கத்தான் போகிறேன் என்பவர்கள் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். ஏற்கெனவே பணம் விட்டவர்கள் நேராக 8ஆம் படிக்குப் போகலாம்.

1. செயலியைத் திறக்கும் முன் காகிதத்தில் ஒரு கணக்கு

கணக்கு எளிதாக இருக்க ஒரு நாணயத்தின் விலை 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கையில் 10,000 ரூபாய். லெவரேஜ் இல்லாமல் வாங்கினால் 10 நாணயம். 10 மடங்கு லெவரேஜ் எடுத்து லாங் (விலை ஏறும் என்ற பக்கம்) போனால் 1,00,000 ரூபாய் மதிப்புள்ள பொசிஷன், அதாவது 100 நாணயத்தின் ஏற்ற இறக்கம் உங்கள் தலையில்.

எக்ஸ்சேஞ்ச் (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) கேட்கும் பராமரிப்பு மார்ஜின், அதாவது பொசிஷன் திறந்திருக்க மிச்சம் இருந்தாக வேண்டிய குறைந்தபட்சத் தொகை, 0.5% என்றால், விலை சுமார் 905 ரூபாயைத் தொட்டதும் பொசிஷனை அதுவே மூடிவிடும். இதுதான் லிக்விடேஷன். உங்களிடம் கேட்டுவிட்டுச் செய்யாது. போன் வரும், ஆள் வரும் என்று காத்திருக்காதீர்கள்.

இப்போது ஒரு ராத்திரியைப் பாருங்கள். 11 மணிக்கு விலை 1,000. நீங்கள் தூங்கப் போகிறீர்கள். 3 மணிக்கு 900. காலை 7 மணிக்கு 1,050. லெவரேஜ் இல்லாமல் 10 நாணயம் வைத்திருந்தவர் காபி குடிக்கும்போது 500 ரூபாய் லாபத்தில் இருக்கிறார். நீங்கள் சொன்ன திசையும் சரிதான், ஆனால் உங்கள் 10,000 ரூபாய் 3 மணிக்கே முடிந்துவிட்டது.

அதே 0.5% பராமரிப்பு மார்ஜினில், எத்தனை சதவீதம் எதிராகப் போனால் மொத்தமும் போகும் என்ற தோராயக் கணக்கு:

5 மடங்கு: சுமார் 19.5%
10 மடங்கு: சுமார் 9.5%
20 மடங்கு: சுமார் 4.5%
50 மடங்கு: சுமார் 1.5%
100 மடங்கு: சுமார் 0.5%

பிட்காயின் அரை சதவீதம் அசைவதற்கு ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம்கூட ஆகாது. 100 மடங்கை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுகிறார்களே, அது யாருக்கும் தேவைப்படாத எண்.

2. எந்தப் பணம் என்று எழுதி வையுங்கள்

"போனால் போகட்டும் என்று நினைக்கக்கூடிய தொகை" என்று பொதுவாகச் சொல்வார்கள். அது போதாது. தொகையை எண்ணாலும் எழுத்தாலும் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, வீட்டில் ஒருவரிடம் காட்டுங்கள். காட்டக் கூச்சமாக இருந்தால், அந்தத் தொகை உங்களுக்கு அதிகம்.

தொடவே கூடாத பணம்: நகைக்கடன், கிரெடிட் கார்டு, கடன் செயலி, சீட்டு எடுத்த பணம், பிள்ளைகளின் கட்டணம். நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கினால் அது ஆண்டுக்கு 36%. மாதம் 3% லாபத்தை ஒரு மாதம்கூடத் தவறாமல் எடுத்தால்தான் வட்டியே தேறும். அசல் அப்படியே நிற்கும்.

நம் கரைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில், கையில் போன், பழுதுபார்க்க எடுத்து வைத்த பணம் கணக்கில். தேவனாம்பட்டினத்திலும் வீராம்பட்டினத்திலும் இந்த இரண்டு மாதம்தான் ஆபத்தான மாதம். ஜூன் 15 அன்று டீசலுக்கும் வலைக்கும் வேண்டிய பணம் அது. சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர்களுக்கு போனஸ் வந்த வாரமும் அப்படித்தான்.

3. கணக்குத் திறப்பது: ஆவணமும் பொறியும்

பான் அட்டை, ஆதார், உங்கள் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கு, ஒரு செல்ஃபி. சரிபார்ப்பு சில நிமிடத்திலும் முடியும், ஓரிரு நாளும் ஆகும். பான் அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் ஒரே மாதிரி இல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் என்பது நம் ஊரில் வழக்கமான சிக்கல். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

சம்பளக் கணக்கை இணைக்காதீர்கள். தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு திறந்து, எழுதி வைத்த தொகையை மட்டும் அதில் போடுங்கள்.

எக்ஸ்சேஞ்ச் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு பெற்றதா என்று பாருங்கள். 2023 மார்ச் முதல் கிரிப்டோ சேவை நிறுவனங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. ஆனால் பதிவு இருப்பதால் உங்கள் பணத்துக்குப் பாதுகாப்பு என்று அர்த்தம் இல்லை. வங்கி வைப்புக்கு இருக்கும் 5 லட்சம் ரூபாய் காப்பீடு இங்கே கிடையாது. பங்குச் சந்தைப் புகார்போல செபியிடம் போகவும் முடியாது. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் தளத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் திருடு போனபோது, அதில் பணம் வைத்திருந்தவர்கள் ஓராண்டுக்கு மேல் எடுக்க முடியாமல் காத்திருந்தார்கள்.

மூன்று பொறிகள்:

டெலிகிராம், வாட்ஸ்அப் குழுவில் வரும் லிங்க் மூலம் இறக்கும் செயலி. திரையில் லாபம் லட்சக்கணக்கில் காட்டும். எடுக்கப் போனால் "வரி கட்டு, பிறகு தருகிறோம்" என்பார்கள். எந்த நேர்மையான தளமும் பணத்தை விடுவிக்க மேலும் பணம் கேட்காது. புதிய தளம் எதுவானாலும் முதல் வேலை: 1,000 ரூபாய் போட்டு, வர்த்தகமே செய்யாமல், அதைத் திரும்ப வங்கிக்கு எடுத்துப் பாருங்கள். வந்த பிறகு மிச்சத்தை யோசிக்கலாம்.

நேரடியாக ஆளிடம் யூஎஸ்டிடி (டாலர் மதிப்பை ஒட்டி நிற்கும் கிரிப்டோ நாணயம்) வாங்குவது, விற்பது. எதிரில் இருப்பவர் அனுப்பும் ரூபாய் எங்கோ ஒருவரிடம் ஏமாற்றிய பணமாக இருந்தால், வேறு மாநிலக் காவல்துறையின் கடிதத்தில் உங்கள் கணக்கு முடங்கும். தெரியாமல் நடந்தது என்று நிரூபிக்க மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

கணக்கை வாடகைக்குக் கொடுப்பது. "உன் அக்கவுண்ட்ல பணம் வரும், எடுத்துக் கொடு, ஆயிரம் ரூபா உனக்கு" என்று கல்லூரிப் பிள்ளைகளிடம் கேட்கிறார்கள். வழக்கு கணக்குக்காரர் மேல்தான் வரும். தம்பி தங்கைகளிடம் இதை இன்றே சொல்லுங்கள்.

4. ஆர்டர் போடும் திரையில் மாற்ற வேண்டியவை

பல செயலிகளில் முதலிலேயே கிராஸ் மார்ஜின் என்று இருக்கும். ஒரு பொசிஷன் அடிபட்டால் ஃப்யூச்சர்ஸ் (நாணயத்தை வாங்காமல் அதன் விலை மேல் போடும் ஒப்பந்தம்) வாலட்டில் உள்ள மொத்தப் பணத்தையும் அது இழுக்கும். அதை ஐசோலேட்டட் என்று மாற்றுங்கள். அந்த ஒரு பொசிஷனுக்கு ஒதுக்கியதோடு நஷ்டம் நிற்கும். மார்ஜினைத் தானாகச் சேர்க்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள்.

லெவரேஜ் பட்டையை முதலில் நகர்த்தாதீர்கள். கணக்கு வேறு பக்கமிருந்து தொடங்க வேண்டும். மொத்த முதல் 50,000 ரூபாய் என்றால், ஒரு வர்த்தகத்தில் 1%, அதாவது 500 ரூபாய்க்கு மேல் இழக்கக் கூடாது. ஸ்டாப் லாஸ் (நஷ்டத்தோடு வெளியேற முன்கூட்டியே வைக்கும் விலை) 2% தூரத்தில் என்றால் பொசிஷன் 25,000 ரூபாய். அதற்கு 2 மடங்கு போதும், மார்ஜின் 12,500. முதலில் எவ்வளவு இழக்கலாம், பிறகு எங்கே வெளியேறுவது, அதிலிருந்து பொசிஷன் அளவு. லெவரேஜ் கடைசியில் தானாக வந்து விழும்.

ஸ்டாப் லாஸை மனதில் வைத்துக்கொள்வது வேலைக்கு ஆகாது. எக்ஸ்சேஞ்சிலேயே ஆர்டராகப் போடுங்கள். அதில் இரண்டு வகை. ஸ்டாப் லிமிட் என்றால் நீங்கள் சொன்ன விலையிலோ அதைவிட நல்ல விலையிலோதான் விற்கும். விலை அதைத் தாண்டிக் குதித்தால் விற்காமலே நிற்கும். ஸ்டாப் மார்க்கெட் என்றால் கிடைத்த விலைக்கு வெளியேற்றும், கொஞ்சம் கூடுதல் நஷ்டம் வரலாம். புதியவருக்கு இரண்டாவதுதான் சரி. தூண்டும் விலையாக மார்க் விலையை (பல சந்தைகளின் விலையை வைத்துத் தளம் கணக்கிடும் விலை) தேர்ந்தெடுங்கள். லிக்விடேஷனுக்குப் பொதுவாகக் கணக்கில் எடுப்பதும் அதைத்தான். கடைசியாக நடந்த வர்த்தகத்தின் விலை ஒரு நொடி தாறுமாறாகத் துள்ளினாலும் மார்க் விலை அவ்வளவு துள்ளாது. "குறைக்க மட்டும்" (Reduce Only) என்ற தேர்வையும் போடுங்கள், இல்லாவிட்டால் ஸ்டாப் ஆர்டரே எதிர்ப்பக்கம் புதிய பொசிஷன் திறந்துவிடலாம்.

நம் மாவட்டத்தில் இதற்கு இன்னொரு காரணம் உண்டு. 2011 டிசம்பரில் தானே புயல் வந்தபோது கடலூரில் எத்தனை நாள் கரண்ட் இல்லை என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோதும் கரண்ட் போனது. டவர் விழுந்தால் உங்கள் செயலி திறக்காது, சந்தை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வானிலை எச்சரிக்கை வந்த அன்றே பொசிஷனை மூடிவிடுங்கள்.

5. கண்ணுக்குத் தெரியாத செலவு

கட்டணம் உங்கள் மார்ஜினுக்கு இல்லை, மொத்தப் பொசிஷனுக்கு. இதைக் கவனிக்காததால் "லாபத்தில்தானே மூடினேன், பணம் குறைந்திருக்கிறதே" என்ற குழப்பம் வருகிறது.

கட்டணம் 0.05% என்று வைத்துக்கொண்டால், 10,000 ரூபாய் மார்ஜின், 10 மடங்கு: திறக்க 50, மூட 50, அதன் மேல் 18% ஜிஎஸ்டி 18. மொத்தம் 118 ரூபாய், மார்ஜினில் 1.18%. அதே பணம் 50 மடங்கு என்றால் 590 ரூபாய். 100 மடங்கு என்றால் 1,180 ரூபாய், அதாவது விலை அசையாவிட்டாலும் ஒரே சுற்றில் 11.8% போய்விடும். ஒரு நாளில் ஐந்து சுற்று அடித்தால் என்ன மிஞ்சும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

அடுத்தது ஃபண்டிங். முடிவு தேதி இல்லாத ஃப்யூச்சர்ஸில் பெரும்பாலும் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை லாங் பக்கத்தவர் ஷார்ட் (விலை இறங்கும் என்ற பக்கம்) பக்கத்தவருக்கோ அல்லது மாறியோ கொடுக்க வேண்டும். 0.01% என்றால் 1,00,000 ரூபாய் பொசிஷனுக்கு ஒருமுறை 10 ரூபாய், ஒரு நாளைக்கு 30, ஒரு மாதத்துக்கு 900. உங்கள் மார்ஜின் 10,000தான் என்பதால் அது 9%. எல்லோரும் லாங் பக்கம் குவியும் நாட்களில் இந்த விகிதம் பல மடங்கு ஏறும்.

6. கடிகாரம்

இந்தச் சந்தைக்கு விடுமுறை கிடையாது, மணி அடித்து மூடுவதும் கிடையாது. அதனால் உங்களுக்கென்று நேரம் வகுத்துக்கொள்ள வேண்டும்.

ஃபண்டிங் பிடிக்கும் நேரம் பல தளங்களில் நம் கணக்குப்படி காலை 5.30, மதியம் 1.30, இரவு 9.30. அமெரிக்கப் பணவீக்கம், வேலைவாய்ப்புப் புள்ளிவிவரங்கள் வெளியாவது அங்கே கோடையில் நம் மாலை 6 மணி, குளிர்காலத்தில் 7 மணி. அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி அறிவிப்பு இரவு 11.30 அல்லது 12.30. இந்த நேரங்களில் விலை இரு பக்கமும் வெட்டி இழுக்கும், லாங்கும் போகும் ஷார்ட்டும் போகும். அரை மணி முன்னாலேயே வெளியே இருங்கள்.

பொசிஷனைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்காதீர்கள். ராத்திரி ஷிப்டுக்குப் போகும்போது திறந்து வைத்துவிட்டுப் போகாதீர்கள். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து புதுச்சேரிக்கு பைக்கில் போகும்போது சிக்னலில் விலை பார்க்கிற பழக்கம் வந்துவிட்டால், அன்றைக்கே நிறுத்த வேண்டிய அளவு பெரிய பொசிஷன் எடுத்திருக்கிறீர்கள்.

உண்மைப் பணத்துக்கு முன் டெமோ (பயிற்சிப் பண) வசதியில் குறைந்தது 30 நாள் ஆடிப் பாருங்கள். ஒரு நோட்டில் திறந்த நேரம், காரணம், ஸ்டாப், கட்டணம், முடிவு என்று ஐந்து பத்தி போதும்.

7. வரி

நேரடியாக நாணயம் வாங்கி விற்றதில் வரும் லாபத்துக்கு 30% வரி, அதன் மேல் 4% செஸ், ஆக 31.2%. 2022 ஏப்ரல் 1 முதல் இதுதான். நஷ்டத்தைக் கழிக்க முடியாது. ஒரு நாணயத்தில் 40,000 லாபம், இன்னொன்றில் 40,000 நஷ்டம் என்றால் கையில் ஒன்றும் இல்லை, ஆனால் 12,480 ரூபாய் வரி கட்ட வேண்டும். அடுத்த ஆண்டுக்கும் நஷ்டத்தைக் கொண்டுபோக முடியாது.

விற்கும் தொகையில் 1% டிடிஎஸ் 2022 ஜூலை 1 முதல். 50,000 ரூபாயையே 20 முறை வாங்கி விற்றால் 10,000 ரூபாய் வரித்துறையிடம் போய் உட்கார்ந்துவிடும். ரிட்டர்ன் போட்டால்தான் அது கணக்கில் வரும்.

ஃப்யூச்சர்ஸ் லாபத்தை எந்தத் தலைப்பில் காட்டுவது என்பதில் ஆடிட்டர்களிடையே ஒரே கருத்து இல்லை. லாபத்துக்கு வரி உண்டு என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை. மாதம் ஒருமுறை வர்த்தக அறிக்கை, ஃபண்டிங் விவரம், வங்கி அறிக்கை மூன்றையும் இறக்கி வைத்து, மார்ச் முடிந்ததும் கிரிப்டோ பார்த்துப் பழகிய ஆடிட்டரிடம் கொடுங்கள். வெளிநாட்டுத் தளத்தில் பணம் இருந்தால் வெளிநாட்டுச் சொத்து அட்டவணை பற்றியும் கேளுங்கள். தளம் மூடிவிட்டால் அறிக்கை கிடைக்காது, ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

8. விட்டதைப் பிடிக்கிற வெறி

பணத்தை அதிகம் தின்பது இதுதான். 50,000 ரூபாய் 25,000 ஆனால் பழைய இடத்துக்கு வர 100% லாபம் வேண்டும். 10,000 ஆகிவிட்டால் 400% வேண்டும். அதை எட்ட லெவரேஜை ஏற்றத்தான் மனம் சொல்லும். அடுத்த அடி இன்னும் சீக்கிரம் விழும்.

இதை மன உறுதியால் மட்டும் நிறுத்த முடியாது, முன்கூட்டியே வேலி போட வேண்டும். ஒரு நாள் நஷ்டம் 2% தொட்டால் அன்று முழுக்க மூடல். ஒருமுறை லிக்விடேட் ஆனால் 72 மணி நேரம் செயலி போனில் இருக்கக் கூடாது. அழிப்பதற்கு முன் மிச்சப் பணத்தை வங்கிக்கு மாற்றிவிடுங்கள். கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் 2 மணிக்கு விரல் தானாகப் போகும்.

கீழே உள்ளவற்றில் இரண்டு உங்களுக்குப் பொருந்தினால் வர்த்தகம் நின்றாக வேண்டும்:

ராத்திரி நடுவில் எழுந்து விலை பார்ப்பது.
வீட்டில் தொகையைக் குறைத்துச் சொல்வது.
மனைவியிடமோ அம்மாவிடமோ வேறு காரணம் சொல்லி நகை கேட்பது.
நஷ்டம் வந்த அன்று பிள்ளைகள் மேல் எரிந்து விழுவது.
லாபம் வந்தும் மூட முடியாமல் கை நடுங்குவது.

லாபத்தில் இருக்கும்போது வரும் தூக்கமின்மையும் அதே நோய்தான். அதைப் பலரும் உற்சாகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

9. பணம் போன பிறகு, இந்த வரிசையில்

முதலில் ஏமாற்றப்பட்டீர்களா, வர்த்தகத்தில் இழந்தீர்களா என்று பிரித்துப் பாருங்கள். போலிச் செயலி, எடுக்கவிடாத தளம் என்றால் அது குற்றம். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம், பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவுவதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க வாய்ப்பு. யூபிஐ அல்லது வங்கிப் பரிமாற்ற எண், தேதி, நேரம், அனுப்பிய கணக்கு, வாலட் முகவரி, பரிமாற்ற ஹேஷ் (கிரிப்டோ பரிமாற்றத்தின் அடையாள எண்), அரட்டைப் படங்கள் எல்லாம் தயாராக இருக்கட்டும். குழுவை விட்டு வெளியேறாதீர்கள், ஆதாரம் அதோடு போய்விடும்.

புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் தனித்தனிக் காவல்துறை. வீடு பாகூரில், வங்கி மஞ்சக்குப்பத்தில் என்று இருப்பவர்கள் இங்கே அங்கே என்று அலையத் தேவையில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவின்படி எந்தக் காவல் நிலையத்திலும் எல்லை பாராமல் புகார் கொடுக்கலாம். மின்னணு வழியில் கொடுத்தால் 3 நாளுக்குள் கையெழுத்திட வேண்டும்.

சந்தையில் இழந்தது என்றால் அதை யாரும் மீட்டுத் தர முடியாது. "மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று வருகிறவர் இரண்டாவது திருடர்.

கடன் இருந்தால் ஒரு தாளில் நான்கு பத்தி: யாருக்கு, எவ்வளவு, மாத வட்டி, தவறினால் என்ன ஆகும். ஏலம் போகக்கூடிய நகையும் அதிக வட்டி ஓடும் கார்டும் மேலே வரும். புதுக் கடன் வாங்கிப் பழையதை அடைக்காதீர்கள். வங்கி, நிதி நிறுவன வசூல் ஆட்கள் மிரட்டினால் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், எண் 14448. தனியார் கந்துவட்டி என்றால் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டின் அதீத வட்டித் தடைச் சட்டம் உண்டு. இலவசச் சட்ட உதவிக்கு 15100.

வீட்டில் சொல்வதைத் தள்ளிப்போடாதீர்கள். முழுத் தொகையையும் ஒரே தடவையில் சொல்லுங்கள். பாதி சொல்லி மீதியை அடுத்த வாரம் சொன்னால் பணத்தைவிட அந்த இரண்டாவது தடவைதான் அதிகமாக உடைக்கும். கேட்கிறவர்களுக்கும் ஒன்று: அந்த முதல் ராத்திரி "அப்பவே சொன்னேனே" என்பதை விட்டுவிடுங்கள். போனை வாங்கி வைத்துக்கொண்டு, ஆளைத் தனியாக விடாதீர்கள்.

செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு நொடி வந்தாலும் 14416, அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். நேரில் போக புதுச்சேரியில் ஜிப்மர் மனநலத் துறை, கடலூர் அரசு தலைமை மருத்துவமனை. போகும்போது ஆதார் அட்டையையும், கடைசியாக ஒழுங்காகத் தூங்கியது எப்போது என்று எழுதிய சீட்டையும் எடுத்துக்கொண்டு, கூட வர ஒருவரையும் அழைத்துப் போங்கள். டாக்டரிடம் தொகையைச் சொல்ல வேண்டியதில்லை, தூக்கம் போனதையும் அந்த எண்ணம் வருவதையும் சொன்னால் போதும்.